கவர் பிரியாத வெள்ளி

தண்ணீர் பாட்டிலை முதல் தடவை திருகும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்து உட்கார்ந்திருந்த ஒரே ஒரு மனுஷியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒரு பாட்டில் வைத்துக்கொண்டு போவார்கள். எல்லாரும் பருப்பு வரும் திசையையே பார்த்திருக்கும்போது அக்கா மட்டும் பாட்டிலைக் காதோரம் தூக்கிப் பைய திருகுவாள். சத்தம் வந்தால் குடிப்பாள். வராவிட்டால் அப்படியே மூடி வைத்துவிட்டு, பந்தி முடிகிறவரை தொண்டை வறள உட்கார்ந்திருப்பாள். விக்கல் எடுத்தால்கூட பக்கத்து இலைப் பாட்டிலில் கை வைக்க மாட்டாள்.

எங்கள் முடுக்கு பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கிறது. அரண்மனை பார்க்க வருகிற வேன்கள் திரும்ப இடமில்லாமல் எங்கள் வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். எங்களுக்கு அடுத்த வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அவள் வந்தாள். குவைத்தில் பதினெட்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். கல்யாணம் ஆகவில்லை. திரும்பி வந்து தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் சிஸ்டர், தெருவில் குவைத் அக்கா, என் வீட்டுக்காரர் வாயில் சீல் அக்கா. எனக்கு வெறும் அக்கா.

சீல் அக்கா என்று அவர் கேலி செய்ததில் தப்பில்லை. கடையில் பிரெட் வாங்கினாலும் பிஸ்கட் வாங்கினாலும் தலைவலி மாத்திரை வாங்கினாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். “சீல் உண்டா?” அளந்து ஊற்றுகிற எண்ணெய் வாங்க மாட்டாள், பாக்கெட்தான். அரிசிகூடத் தைத்த மூட்டைதான். வீட்டுக்குள் போனால் சோபா பிளாஸ்டிக் உறையோடு இருக்கும். சித்திரை மாதத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும். டிவி ரிமோட்டும் உறைக்குள். பிரிட்ஜில் ஒட்டி வந்த ஸ்டிக்கரை மூன்று வருஷமாகியும் கிழிக்கவில்லை.

“இதையாவது கிழிச்சா என்னக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கெடக்கட்டு. பிரிச்சா பிரிச்சதுதானே, திரும்ப ஒட்ட முடியுமா?” என்றாள்.

அவள் விரும்பித் தின்றது மட்டிப்பழம். விரல் நீளத்துக்கு இருக்குமே, எங்கள் ஜில்லா வாழைப்பழம், அது. ஒரு சீப்பு வாங்கினால் ஒரே இருப்பில் ஏழெட்டு தின்பாள். தோலை உரிக்கும்போது அவள் முகத்தில் வருகிற நிம்மதியைப் பார்க்க வேண்டும். “கர்த்தரு போட்ட சீலுல்லா இது, ஒருத்தனும் உள்ள கையிட முடியாது” என்பாள். அவித்த முட்டைக்கும் அதே மரியாதை உண்டு. அவள் சிரித்துக்கொண்டு சொல்வதால் நானும் சிரிப்பேன்.

இந்தப் பொல்லாத சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றது உலகத்தில் ஒரே வீடுதான், எங்கள் வீடு. அதுவும் உடனே கிடைத்துவிடவில்லை. அவள் குடிவந்த புதிதில் மரச்சீனிக்கிழங்கு மசித்து, சாளை மீன் கறி வைத்து, ஒரு தூக்குப்போணியில் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டவள் மூடியைத் திறக்காமல் அப்படியே நின்றாள். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“நீ வச்சதா?” என்று கேட்டாள்.

“நாந்தான் அக்கா வச்சேன்.”

“வேற ஒருத்தரும் தொட்டதில்லியே?”

“எங்க வீட்டுல அடுப்பாங்கரை பக்கம் வரதுக்கு வேற யாருக்கா இருக்கு?”

என் முன்னாலேயே திறந்து, நின்றபடியே ஒரு வாய் தின்றாள். அதற்கப்புறம் என்னிடம் அவள் கேட்டதே இல்லை. தூக்குப்போணி எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தது. ஊரில் யாரையும் நம்பாதவள் என் கை வைத்ததைக் கேட்காமல் தின்கிறாள் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. சும்மா சொல்லவில்லை, பெரிய கர்வம். தெருவில் இரண்டு பேரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

அவள் ஏன் இப்படி என்பதை ஒரு மழைநாள் மத்தியானம் சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டே, நோயாளியின் சீட்டை வாசிக்கிற குரலில் சொன்னாள். குவைத்திலிருந்து மாதாமாதம் பேங்க் வழியாக அண்ணனுக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. அது வீட்டுக்கு. அம்மாவுக்கென்று தனியாக, லீவில் ஊருக்குப் போகிறவர்கள் கையில் ஒரு கவர் கொடுத்துவிடுவாள். உள்ளே ஒரு கடுதாசியும் கொஞ்சம் ரூபாயும் இருக்கும். கண்ணாடி மாற்று, நல்ல சேலை எடு, பிடித்ததை வாங்கித் தின்னு.

“அம்மைக்கு எழுத்து தெரியாது. அண்ணன்தான் கவரப் பிரிச்சு படிச்சுக் காட்டுவான். படிக்கதுக்கு முன்ன பைசாவ எடுத்திருவான். கவருக்குள்ள பைசா இருந்ததே அவளுக்குத் தெரியாது பிள்ளே. அடக்கத்துக்கு வந்தப்போதான் பாத்தேன். பழைய கண்ணாடி, ஒரு காலுக்குப் பதிலா நூலு கெட்டியிருக்கு.”

அவள் அனுப்பிய பணத்தில் திருவட்டாறு போகிற வழியில் இரண்டு மாடி வீடு எழும்பியிருந்தது. பத்திரம் அண்ணன் பேரில். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவளுக்கு அந்த வீட்டில் கிடைத்தது கீழே பின்பக்கம் ஒரு அறை. கிணற்று மோட்டாரின் சுவிட்சு அந்த அறைக்குள்தான் இருந்தது. விடியற்காலையில் யாராவது கதவைத் தட்டாமல் உள்ளே வந்து சுவிட்சைப் போட்டுவிட்டுப் போவார்கள். தண்ணீர் நிறைந்ததும் இன்னொருவர் வந்து அணைத்துவிட்டுப் போவார். எட்டு மாதம் அங்கே இருந்துவிட்டுத்தான் எங்கள் முடுக்குக்கு வந்தாள்.

“எங்க கெடந்து செத்தாலும் செரி, அந்த மோட்டார் ரூமுல கெடந்து சாவமாட்டேன்” என்று வெட்டிய நகங்களைத் தாளில் மடித்தாள்.

மாதச் சம்பளத்தில் மிஞ்சுவதை வைத்து வெள்ளி வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தங்கம் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. பேங்கில் போட்டால் பாஸ்புக்கை அண்ணன் எப்படியாவது பார்த்துவிடுவான் என்ற பயம் வேறு. என் வீட்டுக்காரருக்குத் தக்கலையில் சிமெண்டுக் கடை. பக்கத்திலேயே அவருக்குத் தெரிந்த நகைக்கடை ஒன்று உண்டு. நாங்களும் அங்கே அப்போதுதான் அரைக்கிலோ வெள்ளிக்கட்டி ஒன்று வாங்கியிருந்தோம். அவளையும் அழைத்துக்கொண்டு போனோம்.

கடைக்காரர் மரியாதையாக உட்கார வைத்து சாயா சொன்னார். சாயா ஆறியது, அவள் தொடவில்லை. அவர் ஒரு கட்டியைத் துணியில் வைத்து எடுத்து வந்தார். உருக்கி ஊற்றி ஆற வைத்த கட்டி. மேலே சுருக்கம் விழுந்திருந்தது. ஓரத்தில் கடை அடையாளமும் எடையும் குத்தியிருந்தார்கள். கம்பெனி கட்டியோ பளபளவென்று அட்டையில் பதித்து, பிளாஸ்டிக் கவரில் சீல் வைத்து, நம்பர் போட்டு வருகிறது. விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுதல்.

“ரெண்டும் ஒரே வெள்ளிதானே அக்கா. அந்தக் கவருக்கும் அட்டைக்கும் என்னத்துக்கு பைசா குடுக்கணும்? நாளைக்கு உருக்கினா கவரா மிஞ்சும்?” என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. இன்றைக்கும் அதில் ஞாயம் உண்டு.

அக்கா கட்டியைக் கையில் வைத்துப் பார்த்தாள். “இத நான் திருவனந்தபுரத்துல கொண்டுபோனா எடுப்பாங்களா?”

கடைக்காரர் சிரித்தார். “அங்க என்னத்துக்கு போணும்? நம்மகிட்ட கொண்டு வாங்க, எப்ப வந்தாலும் எடுத்துக்கிடுவேன். நீங்க திருவட்டாறு ரோட்டுல அந்த மாடி வீட்டுக்காரருக்கு தங்கச்சியில்லா? அவரு நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளு.”

அவள் கட்டியைத் துணிமேல் வைத்தாள். கைக்குட்டையால் விரலைத் துடைத்தாள். எழுந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “ஏட்டி, என்ன யாருன்னே தெரியாத ஆளுகிட்ட நான் விக்கணும். என் மொகத்தப் பாக்காண்டாம், யாரு தங்கச்சின்னு கேக்காண்டாம். நம்பரப் பாத்து பைசா தரணும். அதுக்குத்தான் கவரு.”

மாதத்துக்கு ஒரு கட்டி, நூறு கிராம். சம்பளம் வந்த அடுத்த சனிக்கிழமை திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறுவாள். சில மாதம் நானும் கூடப் போனேன். கம்பெனி கடையில் கட்டியை நீட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கவரின் நாலு ஓரத்தையும் நகத்தால் தடவிப் பார்ப்பாள். நம்பரை பில்லோடு ஒத்துப் பார்ப்பாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இன்னொரு தடவை ஒத்துப் பார்ப்பாள். பிறகு கைப்பையின் அடியில் வைத்துவிட்டு, ஒரு சீப்பு பழம் வாங்கி இரண்டு பேருமாகத் தின்றுகொண்டே வருவோம். அவளைச் சந்தோஷமாகப் பார்த்தது அந்தப் பஸ்களில்தான். மூன்று வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது. நாற்பத்தொரு கட்டி சேர்ந்தது.

எங்கள் அரைக்கிலோ கட்டியை இதற்கு நடுவில் மூத்தவளின் காலேஜ் பீஸுக்காக விற்றுவிட்டோம். கொண்டுபோய் வைத்தோம், பத்து நிமிஷத்தில் பணம் தந்தார். அதைச் சொன்னபோது அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். “ஒங்களுக்கு அது கொள்ளாம், நல்லதுதான். ஒங்களுக்கு ஆளு உண்டு” என்றாள்.

ஐப்பசியில் அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. அவளே தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்து, அவளே திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கி வந்தாள். ஆபரேஷனுக்கு மட்டும் கையில் பணம் இருந்தது. அதற்குப் பின்னால் மருந்து ஏற்ற வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதம். புறப்படுவதற்கு முந்தின நாள் என்னை உள்ளே கூப்பிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு குவைத் பிஸ்கட் டின்னை இறக்கினாள். கட்டிகளைப் பத்துப் பத்தாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள், மருந்துச் சீட்டுகளைக் கட்டுகிற மாதிரி.

“இது இருக்கது ஒனக்கு மட்டும்தான் தெரியும். நான் வந்து இதக் கம்பெனியிலயே திரும்பக் குடுத்து மருந்து பாத்துக்கிடுவேன். மிச்சத்துக்கு நாகர்கோவில்ல சர்ச்சு நடத்துற ஹோமுல ஒரு கட்டில் சொல்லி வச்சிருக்கேன். அண்ணன் கண்ணுல மட்டும் பட்டிரப்பிடாது.” தாக்கோலை, அந்த வீட்டுச் சாவியை, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். “வேற ஒருத்தருக்கிட்டயும் இதத் தந்திருக்க மாட்டேன் மக்கா.”

இதற்குமேல் எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாவது வாரம் மழை விடாமல் பெய்தது. அவள் வீட்டு ஓடு ஒன்று விலகி அலமாரிப் பக்கம் ஒழுகியது. நான் டின்னை இறக்கித் துடைத்தேன். உள்ளே தண்ணீர் போயிருக்குமோ என்று மூடியைத் திறந்தேன். தண்ணீர் போகவில்லை. ஆனால் வெள்ளி கறுத்திருந்தது. ரப்பர் பேண்ட் கிடந்த இடமெல்லாம், கவருக்குள்ளேயே, குறுக்கே ஒரு கறுத்த கோடு. சில கட்டிகளில் அதைச் சுற்றிப் பழுப்பு பரவியிருந்தது. ரப்பர் பட்டால் வெள்ளி கறுக்கும் என்று நகைக்கடைக்காரர்களுக்குத் தெரியுமாம். ரப்பர் மரங்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாது.

எங்கள் வீட்டில் வெள்ளி விளக்கு கறுத்துக் கிடந்தால் என் அம்மா சாப்பிட மாட்டாள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் விளக்கையும் தட்டையும் தேய்த்து வைக்காத வீடு துலங்காது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அது என் கையில் ஊறிக் கிடக்கிறது. கறுத்த வெள்ளியைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. அவள் உடம்பும் அப்படி இருக்கிற நேரம். கிறிஸ்துமஸ் வேறு வருகிறது. வீட்டைக் கழுவி, ஸ்டார் கட்டி, எல்லாவற்றையும் பளிச்சென்று வைத்து அவளை வரவேற்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கத்தரிக்கோலை எடுத்தேன். நாற்பத்தொரு கவரையும் ஓரம் பிசகாமல் வெட்டினேன். திருநீற்றைக் குழைத்து ஒவ்வொரு கட்டியாகத் தேய்த்தேன். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி வெள்ளிக்குத் திருநீறு போடுகிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டு மத்தியானம் ஆயிற்று. கை கறுத்து, நகக்கண்ணில் ஏறிய கறுப்பு ஒரு வாரம் போகவில்லை. பழைய பட்டுத்துணியைக் கிழித்துத் தனித்தனியாகச் சுற்றி வைத்தேன். அட்டைகளையும் வீசவில்லை, அடுக்கி நூலால் கட்டி டின்னுக்குள்ளேயே போட்டேன். அவள் திறந்து பார்க்கும்போது முகம் எப்படி மலரும் என்று நினைத்து நினைத்துத் தேய்த்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு வந்தாள். பாதியாக ஆகியிருந்தாள். படுக்க வைத்து சாயா கொண்டு வந்து கொடுத்தேன். பிறகு நானே டின்னை எடுத்து மடியில் வைத்தேன்.

ஒரு துணியைப் பிரித்தாள். கட்டியைப் பார்த்தாள். இன்னொன்றைப் பிரித்தாள். அட்டைக் கட்டைக் கையில் எடுத்து, நூலைத் தடவினாள்.

“இது யாரு பிரிச்சா?”

“நாந்தான் அக்கா. எல்லாம் கறுத்துப் போச்சு. தேய்ச்சு வச்சிருக்கேன்.”

“கறுத்தா என்ன பிள்ளே?” என்றாள். குரல் உயரவே இல்லை. “வெள்ளி கறுக்கத்தானே செய்யும்.”

எனக்கு அப்போதும் புரியவில்லை. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கவர் பிரியாமல் இருந்தால்தான் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நாற்பத்தொரு அட்டையையும் கையில் எடுத்து அடுக்கியிருக்கிறேன், ஒன்றைக்கூடத் திருப்பிப் படிக்கவில்லை. நான் அழுதேன். அவள் என் தலையில் கை வைத்து, “செரி விடு. நல்லதுக்குத்தானே செஞ்ச” என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும். சாயா டம்ளர் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. வயிற்றைப் புரட்டுகிறதாக்கும் என்று நினைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

புதுவருஷம் கழிந்ததும் டாக்ஸி பிடித்துக் கம்பெனி கடைக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பையன் அவளை அடையாளம் கண்டு எழுந்து நின்றான். “சேச்சி, இது எங்க கட்டிதான், எனக்கே தெரியும். ஆனா கவர் பொட்டிச்சுப் பிரிச்சா கம்ப்யூட்டர் எடுக்காது” என்றான். அவனுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. வேறு இரண்டு கடை ஏறினோம். ஒருவர் பழைய கொலுசு விலைதான் தருவேன் என்றார். இன்னொருவர் நகையாக மாற்றித் தருவேன், பணமாகத் தருவதில்லை என்றார். அதற்குள் அவளுக்கு வாந்தி வந்துவிட்டது. ரோட்டோரம் டாக்ஸியை நிறுத்தி முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அப்போது அடுத்த யோசனையைச் சொன்னவளும் நான்தான். “நம்ம கடைக்காரருக்கிட்ட இவரு பேசுவாரு அக்கா. ஒருத்தருக்கும் தெரியாம முடிச்சிரலாம்.” அவள் கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டு, “செரி” என்றாள்.

என் வீட்டுக்காரர் கடைக்காரரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். அவரும் நியாயமான மனிதர்தான். ஒரு கட்டியை உருக்கிப் பார்த்துவிட்டு, விலையில் கொஞ்சம் கழித்துப் பத்துக் கட்டிக்கு அன்றைக்கே பணம் தந்தார். மிச்சத்துக்கு இரண்டு நாள் தவணை கேட்டார். யாருக்கும் சொல்லமாட்டேன் என்ற வார்த்தையையும் கிட்டத்தட்டக் காப்பாற்றினார். ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னார். பின்னால் என் வீட்டுக்காரர் போய்ச் சண்டை போட்டபோது அவர் திகைத்துப்போய்க் கேட்டாராம். “தங்கச்சி தீனமா கெடக்கா, மருந்துக்கு வெள்ளிய விக்கா. அண்ணன் அறியாண்டாமா? நான் ஒரு நல்லதுக்குல்லா சொன்னேன்.”

மறுநாள் காலையில் கோட்டை வாசல் வழியாக ஒரு வெள்ளைக் கார் வந்து எங்கள் முடுக்கில் நின்றது. கையில் ஆப்பிள் பையோடு அண்ணன் இறங்கினார். கூடவே அவர் பெண்டாட்டி, அக்காவுக்கு மைனி. தெருவே கேட்கும்படி அழுதார். “கூடப்பிறந்தவன் நான் உயிரோட இருக்கேன், ஊரான் வீட்டுல கெடந்து கஷ்டப்படுதியே” என்றார். தெருவில் நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். மைனிக்காரி உள்ளே போய்த் துணிகளை எடுத்து வைத்தாள். மிச்சக் கட்டிகளோடு டின் தானாகக் காருக்குள் போயிற்று.

 அக்காவுக்கு மறுக்க அல்ல, நிற்கவே தெம்பில்லை. காரில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பந்தியில் சத்தம் வராத பாட்டிலை மூடி வைப்பாளே, அந்த நேரத்து முகம்தான் இருந்தது.

மருந்து இரண்டு தடவைதான் ஏறியது. திருவனந்தபுரத்துக்கு அலைவது வெறும் செலவு என்று நிறுத்திவிட்டு, குலசேகரம் பக்கம் ஒரு வைத்தியரிடம் கஷாயம் வாங்கினார்கள். வெள்ளியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இப்போதெல்லாம் வெள்ளி விலை ஏறுகிறது என்று என் வீட்டுக்காரர் போனைப் பார்த்து வாசித்தால் நான் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுகிறேன்.

மாசியில் அவளைப் பார்க்கப் போனேன். கஞ்சியும் பயறும் தூக்குப்போணியில் எடுத்துக்கொண்டேன். எந்த அறை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கட்டிலின் தலைமாட்டில் மோட்டார் சுவிட்சு இருந்தது. நான் இருந்த அரைமணி நேரத்துக்குள் ஒரு ஆள் வந்து, எங்களைப் பார்க்காமல், அதைப் போட்டுவிட்டுப் போனான். “அங்கன வையி மக்கா, பொறவு குடிக்கேன்” என்றாள் அக்கா. அடுத்த தடவை போனபோது மைனிக்காரி போணியைக் கஞ்சியோடு திருப்பித் தந்தாள். புளித்துப் பொங்கியிருந்தது. “ஒண்ணும் எறங்க மாட்டங்குது அவளுக்கு” என்றாள். நான் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து போணியைக் கழுவும்போதுதான் அன்றைக்கு ஆறிக் கிடந்த சாயா நினைவுக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய பாயசத்தை அவள் மூடி திறக்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. கை ஈரத்தோடு அப்படியே அடுக்களையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த தடவை கஞ்சியை ஊற்றி மூடியதும், மூடியைச் சுற்றி ஒட்டு டேப்பை மூன்று சுற்று சுற்றினேன். கூடவே ஒரு சீப்பு மட்டிப்பழமும் வாங்கிக்கொண்டேன். கட்டிலில் உட்கார்ந்து போணியை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தேன். “பாருங்கக்கா, வச்ச கையோட ஒட்டியாச்சு. வழியில ஒருத்தரும் தொடல்ல.”

அவள் மெலிந்த விரலை நீட்டி, டேப்பின் நுனியை நகத்தால் தடவிப் பார்த்தாள். கம்பெனி கடையில் கவரின் ஓரத்தைத் தடவுவாளே, அதேபோல. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லா ஒட்டிருக்க” என்றாள்.

மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் தகவல் வந்தது.

அடக்கம் முடிந்து எல்லாரும் முன்பக்கம் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது நான் பின்பக்க அறைக்குப் போனேன். மெத்தையைச் சுருட்டியிருந்தார்கள். மேசைமேல் என் தூக்குப்போணி இருந்தது. தூக்கிப் பார்த்தேன், கனம் குறையவில்லை. டேப் மூன்று சுற்றும் நான் ஒட்டியபடியே இருந்தது.

பழம் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் எடுத்துத் தின்றிருக்கும் என்று நினைத்துத்தான் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். அவள் கை எட்டுகிற இடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மட்டிப்பழத் தோல் பதினொன்று கிடந்தது.

அவளுக்குப் பசித்திருக்கிறது.